விலக இடமில்லாத வண்டியில்

காசியில் கங்கைக்குச் செல்லும் வழியில் எதிர்ப்பட்ட சண்டாளனை விலகிப் போகும்படி ஆதிசங்கரர் பணித்தார் என்றும், விலக வேண்டியது அன்னத்தாலான இந்த உடலா, எல்லா உடல்களிலும் ஒன்றாகவே விளங்கும் சைதன்யமா என்று அவன் திருப்பிக் கேட்டதும் அவனையே குருவாகக் கொண்டு மனீஷா பஞ்சகத்தை அருளினார் என்றும் வழங்கிவரும் வரலாற்றை நாம் அறிவோம். காசியின் வீதியில் விலகிப் போக இடமாவது இருந்தது. விலகவே இடமில்லாதபடி மனிதர்களை நெருக்கி நிறுத்திவிட்டால் அந்த ஞானம் தானாகவே சித்தித்துவிடுமா என்பதுதான், காலை நேரத்தில் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறும்போதெல்லாம் என் மனத்தில் எழும் கேள்வி.

மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்துகொண்டிருந்த காலத்தில், 1931-ஆம் ஆண்டில், தென்னிந்திய ரயில்வே இந்தப் பாதையில் மின்சார வண்டிகளை ஓட்டத் தொடங்கியது. ஒரே திண்ணையில் ஒருகாலும் சேர்ந்து உட்கார்ந்திராதவர்களை, சீசன் டிக்கெட் என்ற ஒரே தகுதியைக் கொண்டு தோளோடு தோள் உராய நிற்கவைத்த வாகனம் அது. ஆயினும் ரயில்வே ஸ்டேஷன்களின் உணவுச்சாலைகளில் பிராமணருக்கு வேறிடம், மற்றவருக்கு வேறிடம் என்ற ஏற்பாடு 1941 வரையில் நீடித்தது. பெரியாரும் அவருடைய இயக்கத்தாரும் இடைவிடாது கிளர்ச்சி செய்த பிறகே அது ஒழிந்தது. வண்டிக்குள் பத்தாண்டுக் காலம் ஒருவர்மீது ஒருவர் சாய்ந்து பிரயாணம் செய்த ஜனங்கள், இறங்கிப் பசியாறப் போனால் இரண்டு வாசல்களாகப் பிரிய வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது, நெரிசல் தானாக எதையும் போதித்துவிடாது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. அந்தணனிடத்தும் நாயைத் தின்பவனிடத்தும் சமத்தைக் காண்பவனைப் பண்டிதன் என்று கீதை சொல்வது பார்வையைக் குறித்தது. உடல்கள் அருகருகே இருப்பதைக் குறித்ததன்று. நிர்ப்பந்தத்தால் விளைந்த ஸ்பரிசத்தை எந்த சாஸ்திரமும் புண்ணியமாகக் கணக்கில் வைக்காது.

ஆனால் இதே வண்டியில் நிர்ப்பந்தம் சிறிதும் இல்லாத ஒரு காரியமும் நடக்கிறது. பல்லாவரத்திலோ மீனம்பாக்கத்திலோ ஏறிக் கம்பியைப் பிடித்து நிற்பவருடைய பையை, உட்கார்ந்திருப்பவர் கேளாமலே கைநீட்டி வாங்கித் தம் மடியில் வைத்துக்கொள்கிறார். வைக்கும்படி சட்டம் இல்லை. மறுத்தால் குறை சொல்வாரும் இல்லை. பெயர், ஊர், குலம் எதுவும் விசாரிக்கப்படுவதில்லை. அந்தப் பைக்குள் இருப்பதோ பெரும்பாலும் மதியச் சாப்பாடு. சோற்றைப் பிறர் தொடுவது இருக்கட்டும், கண்ணால் பார்த்தாலே திருஷ்டி தோஷம் என்று கதவைச் சாத்திக்கொண்டு உண்ட பரம்பரையில் வந்த ஒருவர், முன்பின் அறியாத மனிதரின் மடியில் தம் அன்னத்தை ஒப்படைத்துவிட்டு, கோடம்பாக்கத்தைத் தாண்டி நுங்கம்பாக்கம் வரும்வரையில் அதைப் பற்றிய நினைவே இன்றி நிற்கிறாரென்றால், அது அற்பமான சம்பவம் என்று எனக்குத் தோன்றவில்லை. எத்தனையோ மேடைகளில் வேதாந்தம் பேசக் கேட்டிருக்கிறேன். அத்வைதம் அனுஷ்டானத்தில் எப்படி இருக்கும் என்று யாரேனும் என்னைக் கேட்டால், அந்த மடியைத்தான் காட்டுவேன்.

இது வெறும் பழக்கந்தானே, ஞானம் ஆகுமா என்று ஆட்சேபிக்கலாம். பழக்கமே என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் அடங்காத மனத்தை வசப்படுத்த வழி கேட்ட அர்ச்சுனனுக்குப் பகவான் வைராக்கியத்தோடு அப்பியாசத்தையும் சேர்த்தல்லவா உபதேசித்தார்? அறிவு தெளிந்த பிறகே கை நீளும் என்று காத்திருப்பதைவிட, கை நீண்டு நீண்டு அறிவு தெளிவதே நம்மைப் போன்ற சாமானியருக்கு இயன்ற மார்க்கம் என்று நான் திடமாக நம்புகிறேன்.

என்னை வருத்துவது வேறொன்று. அந்த அப்பியாசம் வண்டியோடு நின்றுவிடுகிறது. காலையில் ஊர்பேர் தெரியாதவருடைய சோற்றை மடியில் சுமந்து வந்த அதே மனிதர், மாலையில் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடந்து, மாடிப் பகுதியை வாடகைக்குக் கேட்டு வந்து நிற்பவரிடம், நீங்கள் என்ன ஆட்கள் என்று முதலில் விசாரிக்கிறார்.