பொன்னாங்காணியைப் பிடுங்கிய நாள்

விடியற்காலை நாலரைக்கு, யானையை விரட்டப் போடும் வெடி ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, இன்னும் தள்ளி. பிறகு நாய்கள். ஹெட்டிப்பொலையிலிருந்து முதல் பஸ் கிளம்பும் வரைக்கும் இனித் தூக்கமில்லை. விளக்கைப் போட்டுவிட்டு அலமாரியிலிருந்த சந்தனக்கட்டையை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டேன்.

கட்டை என்று சொல்வது மரியாதைக்கு. பெருவிரலில் இரண்டு கணு அளவுதான் மிச்சம். ஒரு முனை சாய்வாகத் தேய்ந்து வழுவழுத்துப் போயிருக்கிறது. மறுமுனையில் ஏதோ ஒரு காலத்து வாள் பல்லின் தடம். மாத்தளை வீட்டில் அம்மா செவ்வாயும் வெள்ளியும் அரைத்த கட்டை. அவருக்கு முன் அப்பாயி. அப்பாயியின் அம்மா கடல் கடந்து மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தபோது மடியில் முடிந்து கொண்டுவந்தது என்று வீட்டில் ஒரு கதை உண்டு. பெற்ற பிள்ளையையே புதைத்துவிட்டு நடந்தவர்களின் பாதை அது. அதில் ஒருத்தி சந்தனக்கட்டையைப் பத்திரப்படுத்தினாள் என்பதை நான் முழுதாக நம்புவதில்லை. கட்டை கையில் இருக்கிறது, அதனால் கதையும் இருக்கிறது.

உலர்ந்த கட்டையை முகர்ந்தால் பழைய பெட்டி வாசம்தான். கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு வட்டமாக இழைக்க வேண்டும். முதல் இருபது சுற்றுக்குக் கலங்கல் தண்ணீர், அவ்வளவுதான். கை வலிக்கத் தொடங்கும்போது ஓரத்தில் மெல்லிய பாலாடை போல ஒன்று திரளும். மணம் அப்போதுதான் வரும். அதுவும் மூக்கில் ஏறாது, தொண்டைக்குள் இறங்கும்.

*

இந்தப் பக்கத்தில் ஹந்துன்கமுவ என்று ஓர் ஊர் இருக்கிறது. சிங்களத்தில் ஹந்துன் என்றால் சந்தனம். இரண்டாம் மொழித் தமிழ் கற்பிக்க வில்கமுவைக்கு வந்த முதல் மாதத்திலேயே, பெயரை நம்பிச் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். என் கண்ணில் பட்டது வயல், சேனை, மின்சார வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் யானைச் சாணம். சந்தனம் இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. உயிரோடு நிற்கும் சந்தன மரத்துக்கு வாசம் கிடையாது. பூவுக்குக்கூடப் பெரிதாக இல்லை. இலையைக் கசக்கினால் இலை வாசம். வெளிச்சுற்று வெள்ளை மரமும் வெறும் மரந்தான். வாசமெல்லாம் நடுவில், வைரத்தில். வைரம் என்பது மரத்தின் செத்துப்போன பாகம். நீரோட்டம் நின்றுபோன இடம்.

அது பிடிக்கப் பத்து வருடமாவது ஆகும். நல்ல தைலம் வேண்டுமென்றால் முப்பது. தண்டைவிட வேரில் தைலம் கூடுதல். அதனால் சந்தனத்தை வெட்டுவதில்லை, வேரோடு தோண்டி எடுக்கிறார்கள். அடிக்கட்டை மிஞ்சாது, தளிர்க்க ஒன்றும் இருக்காது.

*

இனி, என் புத்திசாலித்தனம்.

போன ஐப்பசியில் மாத்தளையில் ஒரு நாற்றுமேடையில் சந்தனக் கன்று வாங்கினேன். கறுப்புப் பையில் ஒரு சாண் உயரக் கன்று. அதன் காலடியில் பொன்னாங்காணி அடர்ந்து கிடந்தது. விலையைக் கேட்டேன், கொடுத்தேன், வந்துவிட்டேன். விற்றவரிடம் வேறொன்றும் கேட்கவில்லை. குவாட்டர்ஸ் பின்வளவில் குழி வெட்டி, பை கிழித்து, நடுவதற்கு முன் பொன்னாங்காணியை வேரோடு சுத்தமாகப் பிடுங்கினேன். களை தானே. குப்பையில் போட மனம் வரவில்லை. ஆய்ந்து, தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டி இரவுச் சோற்றோடு சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

கன்றைச் சுற்றி நாலடிக்குப் புல் ஒன்றும் விடவில்லை. தினமும் தண்ணீர். மார்கழியில் மழையும் நன்றாகப் பெய்தது. இலை மஞ்சளித்தது. சாணம் போட்டேன். தை பிறக்கும்போது ஈர்க்கில் போல ஒரு குச்சி நின்றது.

பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். (எங்கள் இரண்டு மொழிக்கும் பொதுவான சில சொற்களில் ஆச்சி ஒன்று. வகுப்பில் முதல் பாடத்தை அதிலிருந்துதான் தொடங்குவேன்.) "புத்தே, ஹந்துன் தனியாக வளராது" என்றார் சிங்களத்தில். "அதோடு இருந்ததை என்ன செய்தாய்?"

தின்றுவிட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

சந்தனம் பாதி ஒட்டுண்ணி. பச்சை இலை வைத்து வெயிலில் தன் உணவைத் தானே சமைத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீருக்கும் மண்ணிலுள்ள உப்புகளுக்கும் அதன் சொந்த வேர் போதாது. பக்கத்துச் செடியின் வேரைத் தேடிப் போய், சிறு குமிழ் போன்ற உறிஞ்சு வேரால் பற்றிக்கொள்ளும். பையில் இருக்கும்போது பொன்னாங்காணி. நிலத்துக்கு வந்தபின் துவரை. பிறகு சவுக்கு, வேம்பு என்று நெடுநாள் நிற்கும் மரம் ஏதாவது. நாற்றுமேடைக்காரர் எனக்கு இரண்டு செடி விற்றார். நான் ஒன்று வாங்கியதாக நினைத்துக்கொண்டேன்.

*

ஒட்டுண்ணி என்ற சொல்லைத் தமிழில் நாம் வசவாகத்தான் வைத்திருக்கிறோம். இரண்டு நாளாக அந்தச் சொல் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கிறது. மற்றவர் வளவில் குடியிருந்து, மற்றவர் கிணற்றில் தண்ணீர் அள்ளி, அவர்கள் பிள்ளைகளுக்கு என் மொழியைச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் அந்தச் சொல்லை அவ்வளவு சுலபமாகப் பயன்படுத்தக் கூடாது.

*

தைலம் இறக்குவதைப் பற்றி இன்று மழையில் அடைபட்டுக் கிடந்தபோது நினைத்தேன். வைரத்தைச் சீவி, தூளாக்கி, கலனில் இட்டு நீராவி விடுகிறார்கள். சந்தனத்தின் மணத்துக்குக் காரணமான சாண்டலாலின் கொதிநிலை 300 பாகைக்கு மேல். நீராவியோ 100 பாகை. அதைக் கொதிக்க வைக்க முடியாது. கூட்டிக்கொண்டு வரத்தான் முடியும், கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டு நாள், மூன்று நாள் அடுப்பு அணையாமல் எரிய வேண்டும். குளிர்ந்து வடிந்த பிறகும் அவசரம் கூடாது. தைலத்தின் அடர்த்தி தண்ணீருக்கு மிக அருகில், 0.97 அளவு. தேங்காயெண்ணெய் போலச் சட்டென்று மேலே வந்து நிற்காது. மிதப்பதா கலப்பதா என்று யோசிப்பது போல நெடுநேரம் தயங்கி, பிறகு மேலே வரும்.

உத்தரப்பிரதேசத்தில் கன்னோசி என்ற ஊரில் அத்தர் காய்ச்சுகிறவர்கள் இந்தத் தைலத்தை முடிவாக வைத்துக்கொள்வதில்லை, தொடக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். செப்புக் கலனில் ரோஜாவோ மல்லிகையோ வெந்துகொண்டிருக்கும். ஆவி மூங்கில் குழாய் வழியே போய் இறங்கும் குடுவையில் சந்தனத் தைலம் காத்திருக்கும். தனியே விட்டால் பறந்துவிடும் பூவின் மணம் அதற்குள் அடங்கித் தங்கிவிடும். உயிரோடிருந்த காலமெல்லாம் அடுத்தவர் வேரைப் பிடித்து நின்ற மரம், தைலமான பிறகு பூவுக்கு இடம் கொடுக்கிறது. விலை ஏறிப்போனதால் இப்போது பலர் பாரஃபின் திரவத்துக்கு மாறிவிட்டார்கள். அதுவும் மணத்தைப் பிடித்து வைக்குமாம். இருக்கலாம்.

*

1792இல் திப்பு சுல்தான் மைசூர் ராஜ்யத்துச் சந்தனம் முழுவதும் அரசுக்கே என்றார். முதல் உலகப் போருக்கு முன் மைசூர்க் கட்டைகள் ஐரோப்பாவுக்குப் போய், பெரும்பாலும் ஜெர்மனியில் தைலமாயின. 1914இல் போர் வந்து கட்டைகள் தேங்கின. அந்தத் தேக்கந்தான் நாலாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1916இல், அங்கேயே தைலம் இறக்க வைத்தது. சவர்க்காரம் பிறகு வந்தது. அம்மாவுக்கு யாரோ இந்தியாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மைசூர் சாண்டல் கட்டியை அவர் குளிக்கப் பயன்படுத்தவே இல்லை. சேலைகளுக்கு நடுவில் வைத்திருந்தார்.

இதற்குப் பின் எழுத வேண்டியதை எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன். 1992 ஜூன் 20. தர்மபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி. சந்தனம் கடத்துகிறார்கள் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தன. வீடுகள் நொறுக்கப்பட்டன, 18 பெண்கள் வன்புணர்வுக்கு உள்ளானார்கள். 269 அரசு ஊழியர்கள் மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்திருந்தார்கள். மிச்சமிருந்த எல்லாரும் குற்றவாளிகள். 2023இல் அதே தேதியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருடம். ஒரு சந்தனக் கன்று வைரம் பாய்ந்து முதிர்கிற காலம்.

தமிழ்நாட்டில் 2002 வரை தன் நிலத்தில் தானாக முளைத்த சந்தனம்கூட ஒருவருக்குச் சொந்தமில்லை. குயில் பழம் தின்று போட்ட விதை வேலியோரம் முளைத்தால், வம்பு எதற்கு என்று கன்றிலேயே பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. அவர்கள் பயத்தில் பிடுங்கினார்கள். என்னுடையது சுத்தம் செய்கிற ஆசை.

*

இந்தத் தீவின் ஈரப் பக்கத்துக் காடுகளில் வல்லப்பட்டை என்று ஒரு மரம். நார் உரிக்கத்தான் அதை அறிந்திருந்தார்கள். காயம் பட்டுப் பூஞ்சை ஏறிய இடத்தில் அதற்குள் அகில் பிசின் ஊறுகிறது என்று 2012இல் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதைத் தொடர்ந்த வருடங்களில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளுக்குள் அந்தக் கட்டை பிடிபட்டபடியே இருந்தது. அகிலுக்குக் காயம் வேண்டும். சந்தனத்துக்கு வயது போதும்.

*

கண்டிக்குப் போனபோது ஒரு கடையில் சந்தனத் தைலம் என்று சிறு போத்தல் வாங்கினேன். மூடி திறந்ததுமே அறை முழுக்க ஊதுபத்தி. மதியத்துக்குள் ஒன்றுமில்லை. கட்டையை இழைத்து மணிக்கட்டில் தடவியது மறுநாள் கரும்பலகையில் எழுதும்போதும் மெல்ல இருந்தது.

*

இந்த மாரிக்கு இரண்டாவது கன்று. இந்தமுறை பொன்னாங்காணியோடு அப்படியே நட்டேன். ஒரு முழம் தள்ளி ஆச்சி கொடுத்த துவரை. புல்லையும் விட்டுவிட்டேன். பார்க்கிறவர்கள், வாத்தியார் சோம்பேறி என்று நினைக்கலாம். வேலியோரம் நாலு தோடைக் கன்றும் வைத்திருக்கிறேன்; யானைக்கு அந்த வாசம் ஆகாது என்று வஸ்கமுவக் காட்டோரக் கிராமங்களில் வளவைச் சுற்றி நட்டுவருகிறார்கள். என்னுடையவை இன்னும் முழங்காலுக்குக்கூட வரவில்லை. யானை மணந்து பார்க்கக் குனிய வேண்டியிருக்கும்.

*

நேற்றிரவு வந்திருக்கிறது. வெடிச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வாழை இரண்டு போயிற்று. சந்தனக் கன்றுக்குப் பக்கத்தில் ஒரு கால்தடம், வட்டமாக, நடுவில் மழைத் தண்ணீர் தேங்கி. கன்று நிற்கிறது. துவரைதான் பாதியில் முறிந்து சாய்ந்திருந்தது.

முறிந்ததை வெட்டிவிடக் கத்தியை எடுத்தேன். ஆச்சி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வேண்டாம் என்று கையை ஆட்டினார். உள்ளே போய்ப் பத்திரிகைத் தாளில் ஒரு பிடி துவரை விதை சுற்றிக்கொண்டு வந்தார்.