பொருட்பெருக்கும் உரிமையும்

வறுமை கொடியது, பசித்தவனுக்கு உரிமையின் பெருமையை எடுத்துரைத்தலால் வரும் பயன் சிறிதே. ஆதலின், முதலில் வயிறு நிரம்புக, உரிமை பின்னர் வருக என்பர் ஒருசாரார். நாட்டைச் செல்வமுறச் செய்யும் ஆட்சியாளன் சனங்களின் வாயைக் கட்டினும் குற்றமின்று என்பது அவர் துணிபு. இது பொருந்துமோவென ஆராய்வாம். அவர் பெரிதும் எடுத்துக்காட்டுவது தென்கொரியாவாதலின், அந்நாட்டுச் சரித்திரத்தையே சான்றாகக் கொள்வாம்.

சேனாபதியாகிய பார்க் சுங் ஹீ 1961ம் ஆண்டு மே மாதம் 16ந் திகதி படைவலியால் அரசைக் கைப்பற்றினார். மறுவருடம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிற்று. 1964ல் 10 கோடி டொலரளவினதாயிருந்த ஏற்றுமதி 1977ல் 1,000 கோடியாயிற்று. சியோலிலிருந்து பூசான்வரை பெருந்தெருவும், போஹாங்கில் உருக்காலையும் அமைந்தன. இவற்றை யாம் மறுக்கிலேம், மறுத்தல் நடுவுநிலைமையன்று.

இனி மற்றைப் பக்கத்தை நோக்குவாம். சியோல் நகரத்து அமைதிச் சந்தையிலே, உடைதைக்குஞ் சிறுமியர் நிமிர்ந்து நிற்றற்கும் இடமில்லாப் பரண்களில் நெடும்பொழுது உழைத்தனர். அவரைக் காக்குஞ் சட்டம் ஏட்டில் இருந்தது, நடைமுறையில் இல்லை. அதனை நடத்துமாறு அதிகாரிகளை வேண்டியும் பயன்பெறாத சோன் தே இல் என்னுந் தொழிலாளி, 1970ம் ஆண்டு நவம்பர் 13ந் திகதி, தன்னுடம்பில் தீயிட்டு மாண்டான். அவனுக்கு வயது 22. தலைவனை நேரே தெரிந்தெடுக்கும் உரிமையை 1972ம் ஆண்டு அரசியல் யாப்புப் போக்கிற்று. அவ்யாப்பைக் குறைகூறுதலையும் 1975ம் ஆண்டுக் கட்டளை குற்றமாக்கிற்று. அவ்வாண்டு ஏப்பிரல் 9ந் திகதி, அரசைக் கவிழ்க்கச் சூழ்ந்தாரென்று 8 பேர், உயர்நீதிமன்றத் தீர்ப்புப் பிறந்து ஒருநாள் கழியுமுன்னரே தூக்கிலிடப்பட்டனர். 2007ல் மீள விசாரித்த நீதிமன்றம் அவர் குற்றமற்றவரெனத் தீர்த்தது. தீர்ப்புத் திருந்திற்று, உயிர் திரும்பிற்றோ?

அடக்குமுறை இன்றேல் அச்செல்வம் வந்திராதன்றோ எனின், அற்றன்று. அடக்குமுறையே செல்வத்துக்குக் காரணமாயின், 1972ல் இராணுவச் சட்டம் பிறப்பித்த மார்க்கோசின் பிலிப்பைன்ஸ் கடனில் அழுந்தியது என்னை? கொரியாவில் நிலப்பங்கீடும் பாடசாலைப் பெருக்கமும் பார்க்கின் ஆட்சிக்கு முன்னரே நிகழ்ந்தன. 1987ல் குடியாட்சி மீண்டபின், 1997ன் நெருக்கடியையுங் கடந்து, அந்நாடு மேலும் செழித்தது. குடியாட்சியில் அதே விரைவு வாய்த்திருக்குமோ எனின், அதனை நிறுவவல்லார் எவருமிலர். விரைவொன்றையே நோக்கி அறத்தை அளத்தல் தகாது. தானே விரும்பித் தன்னதை விடுதல் தியாகம். பிறனைப் பலியிட்டு அதனைத் தியாகமென்றல் சொற்புரட்டு.

அன்றியும், அச்சிறுமியர் பொருட்டு அவ்விளைஞன் வேண்டியவை யாவை? ஓய்வும், நல்ல காற்றும், தக்க கூலியுமே. அவை வயிற்றுக்கும் உடம்புக்கும் உரியனவன்றோ? அவற்றைக் கேட்டற்கு வாய் வேண்டும். கேட்டவனைத் தண்டியாத அரசு வேண்டும். செல்வனுக்கு உரிமையின்றேலும் அவன் பொருள் ஓரளவு துணைசெய்யும். வறியவனுக்கோ தன் குறையை உரைக்கும் நாவன்றிப் பிறிதொரு துணையில்லை. ஆகவே உரிமை உண்டபின் நுகரும் அணிகலமன்று. உண்ணுஞ் சோறு தன் கைக்கு வந்துசேர்தற்குரிய வழியேயாம். களஞ்சியம் நிறைந்ததா என்று மாத்திரம் வினாவற்க. அதனை நிறைத்தவர் வாய்திறக்க இயன்றதா என்பதையும் வினாவுக. அவ்விரண்டாம் வினாவுக்கு விடைகூற அஞ்சும் ஆட்சியைச் செங்கோலென்றல் பொருந்தாது. அறிஞர் இதனைச் சிந்திப்பாராக.