தகுதியும் எழுமாறும்: ஒரு கணனி விளையாட்டு எழுப்பும் வினா

உழைப்பவனுக்கு உழைப்பின் அளவிற்கேற்பப் பயன் கிடைத்தல் வேண்டும் என்பது நீதி பற்றிய கருத்துக்களுள் மிகப் பழையது. பங்கீடு தகுதிக்கு விகிதசமமாக அமைதல் வேண்டுமென அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலின் ஐந்தாம் பகுதியிலே வாதிட்டார். வள்ளுவரோ ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்து, இரண்டிற்குமிடையிலான வழக்கை முற்றாகத் தீர்க்காமலே விட்டார் எனலாம். இவ்வழக்கு அண்மைக்காலத்தில் எதிர்பாராத ஓரிடத்தில், பல்லாயிரவர் இணையத்திற் கூடியாடும் துப்பாக்கிச் சமர் விளையாட்டொன்றிலே, மீண்டும் விசாரணைக்கு வந்தது. வெறும் விளையாட்டென இதனை ஒதுக்கிவிடலாகாது. வாழ்க்கையிற் பிறப்பாலும் செல்வத்தாலும் மறைந்துகிடக்கும் பங்கீட்டு விதி, இங்கே ஒரு நிறுவனத்தாரால் எழுதப்படுகின்றது. அவர்களாலேயே மாற்றவும் படுகின்றது.

அமெரிக்க நிறுவனமான பன்ஜி 2014 செப்ரெம்பரில் 'டெஸ்ரினி' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதிற் பகைவரை வீழ்த்துவோர்க்கு 'எங்கிராம்' எனப்படும் மூடிய பொருள்கள் கிடைக்கும். அவற்றை ராகூல் என்னும் பாத்திரம் திறந்து கொடுப்பார். ஊதா நிறம் உயர்ந்த ஆயுதத்திற்கு அடையாளம். ஆயினும் திறந்தபோது பலருக்குத் தாழ்ந்த நீலப் பொருளே வாய்த்தது. எழுந்த கண்டனத்தின்பின் ஒக்ரோபரிலே இது திருத்தப்பட்டது. ஆயுதத்தின் சிறப்பியல்புகளும் எழுமாறாகவே அமைந்தன. ஒரே பெயருடைய துப்பாக்கி ஒருவரிடம் அரும்பொருளாகவும் மற்றவரிடம் குப்பையாகவும் இருந்தது.

இம்முறையின் விளைவுகள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. முதலாவது, குகை. பகைவர் ஓயாது தோன்றிய ஒரு குகைவாயிலைத் தொலைவில் நின்று மணிக்கணக்காகச் சுட்டுக்கொண்டிருந்தனர் விளையாடுவோர். வீரமோ திறனோ அங்கு வேண்டப்படவில்லை. அந்த மாதமே நிறுவனம் அவ்வழியை அடைத்தது. இரண்டாவது, கியாலார்ஹோர்ன் எனும் எறிகணை ஆயுதம். வெளியீட்டு மாதத்திலே ஒரு வார இறுதியில் ஒரு வணிகப் பாத்திரம் அதனை 17 நாணயங்களுக்கு விற்றது. மீண்டும் அது விற்பனைக்கு வந்தது 2015 ஓகஸ்டில். இடைக்காலத்தில் அவ்வாயுதம் இல்லாதோரைத் தம் குழுவிற் சேர்க்க மறுத்தோர் உளர். தற்செயல் தகுதியின் வேடத்தைப் பூண்டுகொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2017 செப்ரெம்பரில் வெளிவந்த 'டெஸ்ரினி 2' இதற்கு மாற்றுக் கண்டது. ஆயுதங்களின் சிறப்பியல்புகள் நிலையாக்கப்பட்டன. ஒரு துப்பாக்கி எவர் கையிலும் ஒரே துப்பாக்கியே. சமத்துவ நோக்கில் இது முன்னையதினும் நீதியானது. ஆனால் விளையாடுவோர் மகிழ்ந்தாரல்லர். இரண்டாம் முறை கிடைத்த ஆயுதம் உடைத்தெறியவே உதவிற்று. ஈராண்டு செல்லுமுன்னரே, 2018 செப்ரெம்பரின் 'ஃபொர்சேக்கன்' விரிவாக்கத்தோடு, எழுமாறு மீண்டது. பலரும் அதனை வரவேற்றனர்.

நீதியானதை விடுத்துத் தற்செயலை மனிதர் விரும்புவது ஏன்? எளிய விடையொன்றுண்டு. எப்போது கிடைக்கும் என்றறியாத இரையே புறாவை மிகுதியாகக் கொத்தச் செய்கின்றது என உளவியலாளர் ஸ்கின்னர் தமது ஆய்வுகளிற் காட்டினார். குகைவாயிலில் நின்றோரைப் பொறுத்தவரை இவ்விளக்கம் போதும். ஆனால் எழுமாறு மீண்டும் வேண்டுமென்றோரின் கோரிக்கை முழுவதையும் இது விளக்காது. நிலையான ஆயுதத்தைப் பெற்றவன் அதனைப் பெற்றதோடு சரி. மாறுபட்ட ஆயுதங்களைப் பெற்றவனோ ஒன்றோடொன்றை ஒப்பிட்டு, எதனை வைத்திருப்பது, எதனை விடுவது எனத் தீர்மானிக்க வேண்டியவனாகின்றான். இழந்தது அந்தத் தீர்மானமே. புறா எதனையும் ஒப்பிடுவதில்லை.

எனவே தற்செயலைக் குற்றஞ்சாட்டுவது இலக்கைத் தவறவிடுவதாகும். குற்றம் பிறிதோரிடத்தில் இருக்கின்றது. இரண்டாம் விளையாட்டில், உச்சநிலையை அடைந்தபின் அனுபவப் புள்ளிகள் நிரம்புந்தோறும் அலங்காரப் பொருள்கொண்ட எங்கிராம் ஒன்று கிடைத்தது. அதே பொருள் உண்மைப் பணத்திற்கும் விற்கப்பட்டது. திரையிற் காட்டிய புள்ளிகள் முழுமையாக வழங்கப்படவில்லை என்பதை 2017 நவம்பரில் விளையாடுவோர் கண்டறிந்தனர். நிறுவனம் ஒப்புக்கொண்டு அக்குறைப்பை நீக்கியது. அதே வேளையில், வேண்டிய புள்ளிகளை 80,000 இலிருந்து 160,000 ஆக உயர்த்தியமை உடனே வெளிப்பட்டது. பகடையை வைத்திருப்பவரே பந்தயத்தில் ஆதாயம் பெறுபவராகவும் இருக்கும் நிலை இது.

ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டு நூலில் நேர்மையான சூதாட்டத்தை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்கின்றார். விதிமுறை நேர்மையானதாயின் விளைவு எதுவாயினும் அது நேர்மையானதே. ஆனால் அம்முறை உண்மையில் நிறைவேற்றப்பட்டிருத்தல் வேண்டும் என்கின்றார். இந்நிபந்தனையின் கனம் 2024இலே தெரிந்தது. சில சிறப்பியல்புகள் இணைந்து வருவது கணக்கிற்கு மாறாக அரிதாயிருப்பதை, தாம் பெற்ற ஆயுதங்களின் விபரங்களைத் திரட்டி எண்ணிப் பார்த்த விளையாட்டாளர்கள் சுட்டிக்காட்டினர். அத்தகைய சார்பு எதுவுமில்லை என்றது நிறுவனம். நவம்பரில், எழுமாற்றெண்களை உருவாக்கும் நிரலிலே வழு இருந்ததை அதுவே உறுதிசெய்தது. வேண்டுமென்று செய்யப்படாத வழுவெனினும், அதுகாறும் தமக்கு வாய்க்காததை வெறும் விதியென்று ஏற்றிருந்தோர் ஏற்றது விதியை அன்று. எண்ணிப் பார்த்தவர்களுக்கு நிரலைத் திறந்து பார்க்கும் உரிமை இருக்கவில்லை. தம் கைக்கு வந்தவற்றைக் கணக்கிடும் உரிமை மட்டுமே இருந்தது.