கொழுந்துத் தராசும் கலாநிதிப் பட்டமும்

பசறையிலும் மடுல்சீமையிலும் அப்புத்தளையிலும் லயத்தில் பிறந்து, இன்று கெம்பஸில் பொருளியல் படிக்கும் தங்கச்சி, தம்பி! அமெரிக்காவில் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமே என்று யாராவது சொன்னால், "அதெல்லாம் நமக்குச் சரிவராது" என்று சிரித்து மழுப்புகிறாயே, அந்தச் சிரிப்பை முதலில் நிறுத்து. கொழும்பில் பெரிய பாடசாலையில் படித்த பிள்ளைக்குத் தெரியாத ஒன்று உனக்குத் தெரியும். தெரியும் என்பதுதான் உனக்குத் தெரியவில்லை.

கொழுந்து மடுவத்தில் அம்மாவின் சாக்கைத் தராசில் மாட்டும்போது நீ பக்கத்தில் நின்றிருப்பாய். முள் ஆடி நிற்பதற்குள் ஓர் எண்ணைச் சொல்வார்கள். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். மிச்சம் குறித்த கிலோவுக்கு வராவிட்டால் அன்றைக்கு அரைப் பேர். தாண்டினால் மேலதிக கிலோவுக்குத் தனிக் காசு. விடியற்காலையிலேயே பெரட்டுக்குப் போய், மலையேறி, அட்டைக்கடி பட்டுப் பறித்த ஒரு நாளின் விலை அந்த இடத்தில் தீர்மானமாகிறது. உனக்கு அது ஆத்திரம். பொருளியலுக்கு அது முதல்தர ஆய்வுப் பொருள்.

மிகைப்படுத்தவில்லை. உலகத்துப் பொருளியலாளர்கள் தங்கள் கட்டுரை வராதா என்று ஏங்கும் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ' இதழில், 2016இல், இந்தியத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் கொழுந்து பறிப்பைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ராஜஸ்ரீ ஜெயராமன், தேப்ராஜ் ரே, பிரான்சிஸ் டி வெரிகூர். அரசாங்கம் அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டியது. கிலோவுக்குக் கிடைத்த ஊக்கக் காசு குறைந்தது, இல்லாவிட்டால் அப்படியே நின்றது. அப்படியானால் பறிப்பு குறையும் என்கிறது பாடப்புத்தகம். நடந்தது வேறு. அடுத்த மாதமே பறிப்பு 20 முதல் 80 சதவீதம் வரை ஏறியது. ஆனால் பின்வந்த மாதங்களில் அந்த ஏற்றம் முழுதாகக் கரைந்து போனது. அது ஏன் என்று தோட்டத்தில் எந்த அக்காவிடம் கேட்டாலும் ஏதாவது ஒரு விளக்கம் சொல்வாள். அதைக் கணக்கால் சோதித்துக் காட்டியவர்களின் பெயர்தான் இதழில் வந்தது.

நான்சி சியான் 2008இல் எழுதிய கட்டுரையும் தேயிலைதான். சீனாவில் தேயிலை விலை ஏறியபோது, பறிக்கும் பெண்களின் வருமானம் கூடிய பகுதிகளில் பெண் குழந்தைகள் அதிகம் பிழைத்தார்கள், பிள்ளைகள் கூடுதலாகப் படித்தார்கள் என்று காட்டியவர் அவர். நம் லயத்துக் கதையை யாரோ எங்கோ இருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நீ என்ன செய்கிறாய்?

இங்கேதான் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டும். உன் வறுமையைக் காட்டிக் கலாநிதிப் படிப்பின் வாசலைத் திறக்க முடியாது. கணக்குதான் திறக்கும். கட்டுரை வடிவில் விடை எழுதி நல்ல வகுப்பு எடுத்துவிடலாம் என்று கணிதப் பாடங்களைத் தட்டிக் கழிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அது நமக்கு நாமே வெட்டும் குழி. நுண்கணிதம், நேரியல் அட்சரகணிதம், நிகழ்தகவு, மெய்ப் பகுப்பாய்வு ஆகிய நான்கும் தெரியாதவனின் விண்ணப்பத்தைத் தெரிவுக்குழு நின்று வாசிக்காது. பேராதனையில் துறையின் பெயரே பொருளியல் புள்ளிவிபரவியல் துறை. அந்தப் பெயரின் பின்பாதியைக் கண்டு ஓடாதே! விஞ்ஞான பீடத்துக் கணித வகுப்பில் உட்கார அனுமதி கேள். மறுத்தால் திரும்பவும் கேள். எம்.ஐ.டி.யின் பாடங்கள் ஓப்பன் கோர்ஸ்வேரில் இலவசமாகக் கிடக்கின்றன. கில்பர்ட் ஸ்ட்ராங் கரும்பலகையில் நேரியல் அட்சரகணிதம் நடத்துவதைப் பார். ஒரு நிறுவலை மூடி வைத்துவிட்டு நீயே எழுதிப் பார்த்து, தோற்று, மறுபடி எழுது. இதை முதலாம் வருடத்திலேயே தொடங்கு. இறுதி வருடத்தில் விழித்தால் டிசம்பரில் முடியும் விண்ணப்பங்களுக்கு எதைக் காட்டுவாய்?

காசு இல்லை என்பாய். அமெரிக்காவின் நல்ல பொருளியல் துறைகளில் கலாநிதி மாணவருக்குப் படிப்புக் கட்டணம் பொதுவாகத் தள்ளுபடி. மேலே மாதச் செலவுக்கும் பணம் தருகிறார்கள். பட்டப்படிப்பு முடித்த கையோடு, முதுமாணி இல்லாமலே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணத்துக்கும் சில இடங்களில் விலக்கு உண்டு, கேட்டுப் பார். ஆங்கிலம் வராது என்பாய். வராதுதான், தினமும் ஒரு பக்கமாவது எழுதாத வரைக்கும். "பின்தங்கிய மாவட்டக் கோட்டாவில் வந்தவர்கள்" என்று விடுதியில் எவனாவது குத்திக் காட்டுவான். பதுளையும் மொனராகலையும் அந்தப் பட்டியலில் இருப்பது மாவட்டத்துக்கு இழைத்த அநியாயத்தின் சாட்சி, உன் மூளைக்குப் போட்ட மார்க் அல்ல. உன் இசட் புள்ளியை ஹார்வர்டில் ஒருவரும் கேட்கப் போவதில்லை.

அவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள். ஜீ.ஆர்.ஈ. கேட்கும் இடங்களில் கணிதப் பகுதியில் 170க்கு மிக நெருங்கிய புள்ளி. கடிதம் எழுதுகிறவருக்கு உன் முகம் தெரிந்தால் போதாது, உன் வேலை தெரிந்திருக்க வேண்டும். விரிவுரை முடிந்ததும் கூச்சப்பட்டு நழுவாமல் போய் நில். அவருடைய ஆய்வுக்குத் தரவு திருத்திக் கொடு. ஸ்டேட்டாவோ ஆர் மென்பொருளோ பழகிக்கொள்.

உனக்கென்று ஒரு கேள்வியும் வேண்டும். 2019 கணக்கெடுப்பில் தோட்டத்துறையில் எத்தனை பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்று ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணுக்குள் உன் லயமும் இருக்கிறது. எண்ணாக இருந்தது போதும், இனி எண்ணிப் பார்! 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயானதே, அதற்குப் பிறகு மாதத்தில் கிடைத்த வேலை நாள் குறைந்ததா? பறிக்க வேண்டிய கிலோ கூடியதா? கைக்கு வந்த காசு உண்மையில் எவ்வளவு? அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது அம்மாவின் பழைய சம்பளத் துண்டுகளைப் பெட்டியிலிருந்து எடு. 2020 முதல் 2022 வரை மாதம் மாதமாக எக்செலில் ஏற்று. பிறகு பக்கத்து வீட்டு அக்காவிடமும் கேள்.