சின்ன ஓட்டைதான்பா

அப்பாவின் வயிற்றில் ஆறு தழும்புகள் இருக்கின்றன. தொப்புளுக்கு மேலே இருப்பது மட்டும் கொஞ்சம் பெரிது, கட்டைவிரல் நீளம் இருக்கும். மற்ற ஐந்தும் அம்மைத் தழும்பு மாதிரி, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். கோவில்பட்டி வீட்டில் அவர் குளித்துவிட்டு இடுப்புத் துண்டோடு வரும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க நான் பழகிக்கொண்டேன்.

2021இல் அவருக்கு 66 வயது. ஏதோ ஒரு முழு உடல் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. அளவு கூடுதலாக இருந்தது. பிறகு ஸ்கேன், பயாப்சி. புராஸ்டேட்டில் புற்றுநோய். ஆரம்ப நிலை, மெதுவாக வளரும் வகை, வெளியே எங்கும் பரவவில்லை என்றார்கள். டாக்டர் மூன்று வழிகள் சொன்னார். ஆபரேஷன், ரேடியேஷன், இல்லையென்றால் அடிக்கடி பரிசோதனை செய்துகொண்டு கொஞ்ச காலம் பார்க்கலாம்.

அப்பா கையில் இருந்த ஃபைலைப் பார்த்தபடியே கேட்டார். "ஒண்ணும் பண்ணாம இருந்தா என்ன சார் ஆகும்?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொன்னேன். "கேன்சர்ப்பா. உள்ள வச்சுக்கிட்டு இருக்க முடியுமா? முன்ன மாதிரி வயித்தக் கிழிக்கிறதெல்லாம் இப்ப இல்ல. ரோபோ. சின்ன ஓட்டைதான்பா."

அப்பா ஃபைலை மூடினார். "சரிய்யா. நீ படிச்சவன்" என்றார்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. ரத்தம் ஏற்றவேண்டிய தேவை வரவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். பி.எஸ்.ஏ. கிட்டத்தட்ட பூஜ்யம். எந்த அளவுகோலில் வைத்தாலும் வெற்றிதான். ஒன்றே ஒன்று. இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால், நாற்காலியிலிருந்து எழுந்தால் சிறுநீர் கசிகிறது. மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்றார்கள். பிறகு ஒரு வருடம் என்றார்கள். இப்போது நான்கு வருடம்.

அப்பா 32 வருடம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். கோவில்பட்டியிலிருந்து சாத்தூர், விருதுநகர், திருமங்கலம் வழியாக மதுரை. அந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒண்ணுக்கை அடக்குவது தொழிலின் ஒரு பகுதி. எந்த பஸ் ஸ்டாண்டில் எந்தக் கழிப்பறை பரவாயில்லை என்று அவருக்கு மனப்பாடம். ஓய்வுபெற்ற பிறகும் ஞாயிறுதோறும் அதே ரூட்டில் ஏறி மதுரையில் அக்கா வீட்டுக்குப் போய்வருவார். இப்போது போவதில்லை. "கார் வச்சுத் தரேன்ப்பா" என்றால், "எதுக்குய்யா செலவு, போன்லதான் பேசுறோமே" என்கிறார். பையில் மாற்று வேட்டியும் பேடும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார அவருக்குக் கூச்சம் என்பதை அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

இதில் யார் மீதும் எனக்குப் புகார் இல்லை. ஆபரேஷன் செய்தவர் நல்ல டாக்டர், மூன்று வழிகளையும் சொன்னார். என்னைத் தூங்கவிடாத கேள்வி வேறு. எல்லாம் சரியாகவே நடந்த ஒரு விஷயத்தில், நான் செய்த தவறு என்ன?

சிறுநீரகவியல் மருத்துவத்தின் வரலாறே காயம் சிறிதாகிக்கொண்டு வந்த வரலாறு. 1658 மார்ச் 26ஆம் தேதி லண்டனில் சாமுவேல் பெப்பீஸ் என்ற 25 வயது இளைஞருக்குச் சிறுநீர்ப்பைக் கல்லை வெட்டி எடுத்தார்கள். பிற்காலத்தில் நாட்குறிப்புக்காகப் புகழ்பெற்றவர் இவர்தான். மயக்க மருந்து வர இன்னும் இரண்டு நூற்றாண்டு பாக்கி. ஆளைக் கட்டிப்போட்டு, பிடித்துக்கொண்டு, காலிடுக்கில் கீறி எடுத்த கல், டென்னிஸ் பந்து அளவு இருந்ததாம். பிழைத்ததைக் கொண்டாட ஒவ்வொரு வருடமும் அதே நாளில் விருந்து வைக்க அவர் முடிவு செய்தார். அந்தக் கல்லையும் ஒரு பெட்டியில் பத்திரப்படுத்தினார்.

அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சுஸ்ருத சம்ஹிதை கல் எடுக்கும் அறுவையை விவரிக்கிறது. அதில் முறையைவிட என்னை நிறுத்தியது ஒரு நிபந்தனை. ஒன்றும் செய்யாவிட்டால் மரணம் நிச்சயம், செய்தால் பிழைப்பது சந்தேகம், ஆகவே அரசனிடம் அனுமதி பெற்றுவிட்டுத்தான் கத்தியை எடுக்கவேண்டும் என்கிறது. காயம் அவ்வளவு பெரிதாக இருந்ததால், அதற்கு முன்னால் எல்லோரும் ஒருமுறை நின்று யோசித்தே ஆகவேண்டியிருந்தது.

பிறகு காயம் சுருங்க ஆரம்பித்தது. 1824இல் பாரிஸில் ஜான் சிவியால் என்ற மருத்துவர், வெட்டாமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்தி, உள்ளேயே கல்லைப் பொடியாக்கினார். கத்தி வைத்த ஐந்து பேரில் ஏறக்குறைய ஒருவர் இறந்துகொண்டிருந்தபோது, இவருடைய முறையில் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். 1980இல் மியூனிக்கில் வெளியிலிருந்தே அதிர்வலைகளை அனுப்பிச் சிறுநீரகக் கல்லை உடைத்தார்கள். அந்த இயந்திரத்தைச் செய்தது டோர்னியர் என்ற விமான நிறுவனம். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் உலோகம் ஏன் குழிவிழுகிறது என்று ஆராய்ந்ததில் பிறந்த யோசனை. நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் படுக்கவைத்தார்கள். தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

இது எனக்கு வெறும் படித்த அறிவு இல்லை. 2017இல் எனக்கே கல் வந்தது. 8 மில்லிமீட்டர், சிறுநீர்க் குழாயில் மாட்டிக்கொண்டது. அந்த வலியை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மெல்லிய குழாயை உள்ளே விட்டு, லேசரால் உடைத்து எடுத்தார்கள். ஒரு வெட்டும் இல்லை. மூன்றாவது நாள் ஸ்டென்ட்டோடு உட்கார்ந்து லாக்இன் பண்ணிவிட்டேன். அன்றிலிருந்து இந்தத் தொழில்நுட்பங்களின் மீது எனக்குப் பக்தி என்றே சொல்லலாம். அப்பாவிடம் "சின்ன ஓட்டைதான்" என்று நான் சொன்னபோது பேசியது அந்த பக்திதான்.

அங்கேதான் இடறினேன். கல் என்பது எனக்குள் வந்து உட்கார்ந்த அந்நியன். அதை எடுத்த பிறகு நான் முழுசாக இருந்தேன். புராஸ்டேட் அப்படியில்லை. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வரும் குழாயைச் சுற்றி இருக்கிறது. அதை எடுத்தால் குழாயின் அந்தத் துண்டும் சேர்ந்து போகும், சிறுநீர்ப்பையைக் கீழே இழுத்து மீதியோடு தைக்கவேண்டும். அதற்குக் கீழே சிறுநீரை அடக்கும் தசை. இரண்டு பக்கமும் ஆண்மைக்கான நரம்புகள். வயிற்றைப் பெரிதாகத் திறந்தாலும் ஆறு ஓட்டை போட்டாலும் உள்ளே செய்யும் வேலை ஒன்றுதான். குறைந்த காயம் என்ற சொல் போகிற வழியைப் பற்றித்தான் சொல்கிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

1981இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் பீட்டர் டோங்கர் என்ற ஓய்வுபெற்ற மருத்துவரும் அமெரிக்காவிலிருந்து வந்த பேட்ரிக் வால்ஷும் சேர்ந்து, அந்த நரம்புகள் சரியாக எங்கே ஓடுகின்றன என்று கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடம் வால்ஷ் அவற்றைத் தொடாமல் புராஸ்டேட்டை மட்டும் எடுத்துக் காட்டினார். வயிற்றைத் திறந்து, பழைய மாதிரிப் பெரிய வெட்டு போட்டுத்தான். ஆனால் உள்ளே எதை விட்டுவைக்கவேண்டும் என்று தெரிந்திருந்தது. தோலை அளந்தால் அது பெரிய காயம். அந்த மனிதனின் பிந்தைய வாழ்க்கையை அளந்தால் முந்தையவற்றைவிடச் சிறிய காயம். 2016இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ரோபோவில் ரத்த இழப்பு குறைவு, மருத்துவமனை நாட்கள் குறைவு. சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் தாம்பத்தியத்திலும் மூன்று மாத முடிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

நான் 2012இல் வேலைக்குச் சேர்ந்தபோது மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் ரிலீஸ். சனிக்கிழமை ராத்திரி எல்லோரும் உட்கார்ந்திருப்போம். அதற்கு முன் மீட்டிங் மேல் மீட்டிங். "இந்த மாற்றம் இப்போது தேவைதானா" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். இப்போது ஒரு பட்டன், பத்து நிமிடம். யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் தப்பானால் அதே பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். உள்ளே போவதும் சுலபம், திரும்புவதும் சுலபம். உடம்பில் உள்ளே போவது மட்டும்தான் சுலபமாகியிருக்கிறது. அந்த வித்தியாசத்தை யோசிக்காமல், என் தொழிலின் பழக்கத்தை அப்பாவின் அடிவயிற்றுக்குக் கொண்டுபோனேன்.

2023இல் பிரிட்டனின் புரோடெக்ட் ஆய்வின் 15 வருட முடிவுகள் வந்தன. புராஸ்டேட்டைத் தாண்டாத புற்றுநோய் உள்ள 1,643 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்திருந்தார்கள். ஆபரேஷன், ரேடியேஷன், கண்காணிப்பு. மூன்றிலுமே அந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். குழுக்களுக்கிடையே பெரிய வித்தியாசம் இல்லை. அதைப் படித்த ராத்திரி, பெங்களூரு வீட்டின் பால்கனியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 10 வருட முடிவுகள் 2016லேயே வந்துவிட்டன என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்த ஃபைலை அப்பா மூடியபோது இந்த உலகத்தில் அந்தத் தகவல் இருந்தது. எனக்குத்தான் தேடத் தோன்றவில்லை.

ஆனால் நிலைமை அவ்வளவு சுத்தமாகவும் இல்லை. அதே ஆய்வில் நோய் உடம்பின் மற்ற பாகங்களுக்குப் பரவியது, கண்காணிப்புக் குழுவில் நூற்றுக்கு 9 பேருக்கு, ஆபரேஷன் குழுவில் 5 பேருக்கு. கண்காணிப்பில் இருந்தவர்களில் நூற்றுக்கு 61 பேர் பிற்பாடு ஏதோ ஒரு கட்டத்தில் சிகிச்சைக்குப் போயிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், பல வருடங்கள் கழித்தும் கசிவுக்காகப் பேட் வைத்துக்கொள்பவர்கள் ஆபரேஷன் குழுவில் ஏறக்குறைய நாலில் ஒருவர், கண்காணிப்பில் பத்தில் ஒருவர். அப்பாவைக் காத்திருக்கச் சொல்லி, நோய் எலும்புக்குப் போயிருந்தால், இதே பால்கனியில் உட்கார்ந்து இதற்கு நேர்மாறான கட்டுரையை எழுதிக்கொண்டிருப்பேன். எனக்கு அது தெரியும்.

தத்துவத்தில் இதற்குப் பக்கத்தில் ஒரு பெயர் உண்டு. பெர்னார்ட் வில்லியம்ஸ் ஒரு லாரி ஓட்டுநரைக் கற்பனை செய்கிறார். அவர் மீது எந்தத் தப்பும் இல்லை, ஆனாலும் குழந்தை ஒன்று அவர் வண்டியில் அடிபட்டுவிடுகிறது. தப்பே செய்யாவிட்டாலும், பக்கத்தில் நின்று பார்த்தவரின் வருத்தமும் ஓட்டியவரின் வருத்தமும் ஒன்றாக இருக்க முடியாது என்கிறார். செய்தவன் என்பதால் மட்டுமே வரும் வருத்தம் அது. கொஞ்ச நாள் நான் இதில் ஆறுதல் தேடினேன். என்னுடையதும் அதுதான், நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவு, பலன் அப்படி அமைந்துவிட்டது என்று.

ஆனால் நேர்மையாகப் பார்த்தால் எனக்கு அந்தச் சலுகை கிடையாது. பரவும் அபாயம் நூற்றுக்கு நாலு குறைவதா, பஸ்ஸில் நிம்மதியாக உட்கார முடிவதா, எது பெரிது? எந்த ஆய்வும் இதற்குப் பதில் சொல்லாது. அந்த உடம்போடு வாழப்போகிறவர் மட்டும்தான் சொல்ல முடியும். சிலருக்கு உள்ளே புற்றுநோய் இருக்கிறது என்ற நினைப்பே தினமும் கொல்லும், அவர்களுக்கு ஆபரேஷன் விடுதலை. சிலருக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் முக்கியம். அப்பா எந்த வகை என்று எனக்குத் தெரியாது. ஒண்ணும் பண்ணாம இருந்தா என்ன ஆகும் என்ற அவருடைய கேள்வி, தன்னை அறிந்துகொள்ள அவர் எடுத்துவைத்த முதல் அடி. அதை நான் நடுவில் வெட்டினேன். ஆபரேஷனைத் தேர்ந்தது தவறா என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. தேர்ந்தவன் நானாக இருந்தது தவறு. அதோடு, காத்திருக்க முடியாதது அவருக்கு இல்லை, எனக்கு. கேன்சர் என்ற சொல்லோடு பெங்களூரு திரும்பி வேலை பார்க்க என்னால் முடிந்திருக்காது. என் பயத்துக்கு அவர் உடம்பில் வைத்தியம் பார்த்தேன்.

போன பொங்கலுக்கு இதை அவரிடமே சொன்னேன். ராத்திரி திண்ணையில் அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னார்.

"நீ கேட்டிருந்தாலும் நான் பண்ணிக்கிடுதேன்னுதான் சொல்லிருப்பேனோ என்னவோ. யாருக்குத் தெரியும்? ஆனா டிரைவர் எம்புட்டுப் பெரிய ஆளா இருந்தாலும், கண்டக்டர் விசில் கொடுக்காம வண்டிய எடுக்க மாட்டான்யா."

அதற்குமேல் இரண்டு பேரும் பேசவில்லை.

இப்போது கசிவுக்கு ஒரு தீர்வு இருக்கிறது என்கிறார்கள். செயற்கைத் தசை. சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு பட்டை, விதைப்பையில் சின்ன பம்ப், அதை அழுத்தினால் பட்டை தளர்ந்து சிறுநீர் போகும். நல்ல கருவி, பலருக்குப் பலன் தந்திருக்கிறது. நோய்த்தொற்று வந்தால் எடுக்கவேண்டியிருக்கலாம், சில வருடங்களில் பழுதாகி மாற்றவும் வேண்டியிருக்கலாம். இதுவும் சின்ன ஆபரேஷன்தானாம்.

இந்த முறை அப்பாவை நான் தனியாக டாக்டரிடம் உள்ளே அனுப்பினேன். கேட்கவேண்டியதை ஒரு பேப்பரில் அவரே எழுதிக்கொண்டு போயிருந்தார். டிக்கெட் கணக்கு எழுதிய அதே சாய்வான கையெழுத்து. முதல் வரியை மட்டும் நான் பார்த்தேன். ஒண்ணும் பண்ணாவிட்டால் என்ன ஆகும்?

அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தார். பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது நடந்து இரண்டு மாதமாகிறது. என்ன முடிவு என்று அவர் இன்னும் சொல்லவில்லை. தினமும் போன் பேசுகிறோம், நாக்கு நுனிவரை அந்தக் கேள்வி வருகிறது. கேட்காமல் வைத்துவிடுகிறேன்.