நல்ல கருவியின் இலக்கணம்

சிறந்த திறன்பேசி ஒன்றில் என்னென்ன அமைந்திருத்தல் வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலோர் கூறும் விடையை நாம் அறிவோம். தெளிவான படம் பிடிக்கும் கமரா, அகன்ற திரை, நாள் முழுவதும் தாங்கும் பற்றரி, தடையற்ற வேகம். இவை வேண்டாதவை என்று நாம் கூறவில்லை. ஆனால், கருவி நமக்கு என்ன செய்யும் என்பதை மட்டுமே இவ்விடை கருதுகின்றது. அக்கருவி உருவாவதற்கு யார் என்ன விலை கொடுக்கின்றனர் என்பதை அது கருதுவதில்லை. ஒரு பண்டத்தின் சிறப்பைப் பற்றிப் பேசும்போது இவ்விரண்டாவது வினாவை ஒதுக்கிவிடுதல் நேர்மையாகுமா?

திறன்பேசிப் பற்றரிகளிற் பெரும்பாலானவற்றில் கோபால்ட் என்னும் உலோகம் உண்டு. உலகில் அகழப்படும் கோபால்டில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டது கொங்கோ ஜனநாயகக் குடியரசின் மண்ணிலிருந்து வருகின்றது. அந்நாட்டின் தென்பகுதிச் சுரங்கங்களில் ஏறத்தாழ 40,000 சிறுவர் உழைக்கின்றனர் என்று 2014இல் யுனிசெப் மதிப்பிட்டது. அவர்களுட் பலர் பொறுக்கிய கல் எந்தெந்தப் பெரிய நிறுவனங்களின் வாயில்வரை சென்றிருக்கக்கூடும் என்பதைச் சர்வதேச மன்னிப்புச் சபை 2016இல் அறிக்கையாக வெளியிட்டது. மறுமுனையில், 2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகம் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவைக் குவித்தது. திறன்பேசி அதில் ஒரு கூறே. ஆயினும், அக்கழிவில் நாலில் ஒரு பங்குகூட முறைப்படி மீள்சுழற்சிக்குச் செல்லவில்லை.

சுரங்கத்திற்கும் குப்பைமேட்டிற்கும் இடைப்பட்ட தூரத்தைப் பண்டத்தின் ஆயுளே தீர்மானிக்கின்றது. ஆகவே, சிறந்த திறன்பேசியின் முதல் இலக்கணம் நீடித்த ஆயுள் என்பதே நமது துணிபு. ஆறு ஆண்டுகளில் மூன்று கருவிகளை வாங்குபவர் ஒன்றோடு அமைவாராயின், இரண்டு கருவிகளுக்கான கனியம் மண்ணிலேயே கிடக்கும்.

இது ஏழையின் நியாயமும் ஆகும். 2020இல் பெருந்தொற்றினால் நமது பாடசாலைகள் மூடப்பட்டபோது, திறன்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இணையவழிப் பாடமும் இல்லாமற் போயிற்று. கல்விக்கே இன்றியமையாததாகிவிட்ட ஒன்று ஈராண்டுப் பண்டமாக இருக்கலாகாது.

நீடித்த ஆயுளுக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் தொழில்நுட்பம் அன்று. தேய்ந்த பற்றரியுடைய பழைய கருவிகளின் வேகத்தை மென்பொருளாற் குறைத்ததை அப்பிள் நிறுவனம் 2017இல் ஒப்புக்கொண்டது. கருவி திடீரென நின்றுபோகாதிருக்கவே அவ்வாறு செய்ததாக அது விளக்கம் கூறிற்று. அவ்விளக்கம் உண்மையாகவே இருக்கட்டும். பற்றரியை மாற்றினாற் போதும் என்று உடையவருக்கு ஏன் முன்னரே கூறவில்லை? தம் கருவிக்கு நேர்ந்ததைத் தாமே அறியாத ஒருவரை அதன் உடைமையாளர் என்று எவ்வாறு அழைப்பது? திறந்து பார்க்கவும் திருத்தவும் இயலாத பொருள், பணம் முழுவதையும் செலுத்திய பின்னரும் இரவற்பொருளே.

வேறு வழி உண்டு என்பதற்குச் சான்று இருக்கின்றது. 2013இல் அம்ஸ்ரர்டாமில் தொடங்கப்பட்ட பெயார்போன் என்னும் நிறுவனம், 2023இல் வெளியிட்ட கருவியின் பற்றரியை எவரும் கையாலேயே கழற்றி மாற்றலாம். எட்டு ஆண்டுகளுக்கு மென்பொருள் ஆதரவும் அது வாக்களித்தது. ஒரு சிறு நிறுவனத்தின் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதனாற் போலும், ஐரோப்பிய ஒன்றியம் அதனைச் சட்டமாக்க முற்பட்டது. ஒரு வகைக் கருவியின் விற்பனை நின்ற பின்பும் உதிரிப்பாகங்கள் ஏழு ஆண்டுகளுக்கும், இயங்குதள மேம்பாடு குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கும் கிடைத்தல் வேண்டும் என்னும் விதி 2025 ஜூன் 20 முதல் அங்கு நடைமுறைக்கு வந்தது.

கருவிகள் நெடுநாள் உழைத்தால் தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை குறையாதோ என்று சிலர் வினவக்கூடும். இவ்வினாவைப் புறக்கணிப்பதற்கில்லை. ஆயினும், திருத்துதலும் உழைப்பே. அது எங்கோ ஒரு பெருந்தொழிற்சாலையில் மாத்திரமன்றி, ஒவ்வொரு பட்டினத்தின் கடைத்தெருவிலும் கைத்திறனுடைய இளைஞருக்குத் தொழில் தருவது. கொங்கோவின் அகழ்வோருக்கோ, நமது கருவியின் ஆயுள் மாத்திரம் நியாயமான கூலியைத் தந்துவிடாது. அவர்களைக் கைவிட்டு வேறிடம் கல் தேடுவதும் அறமாகாது. பாதுகாப்பும் கூலியும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் கோரும் அவர்களது போராட்டத்தின் பக்கம் நிற்பது நமது தனிக்கடமை.

அடுத்த கருவியை வாங்கக் கடைக்குச் செல்லும்போது விலையையும் வேகத்தையும் கேட்போம். அத்துடன், இதனைத் திறக்கலாமா, இதற்குப் பாகம் கிடைக்குமா, எத்தனை ஆண்டு உழைக்கும் என்றும் கேட்போமாக. ஒருவர் கேட்டால் கடைக்காரர் நகைப்பார். பலர் கேட்டால் நிறுவனங்கள் செவிசாய்க்கும். எல்லோரும் கேட்டால் அது சட்டமாகும்.