அஜாக்கிரதையும் அஹிம்சையும்

பிற உயிருக்குத் தீங்கு நினைத்தறியாத ஒருவன் ஹிம்சை செய்தவனாக முடியுமா என்னும் கேள்வியை நம் நாட்டுத் தத்துவ சாஸ்திரங்கள் பழங்காலந்தொட்டே ஆராய்ந்து வந்திருக்கின்றன. ஜைன ஆசாரியரான உமாஸ்வாதி, தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கப் புகுந்தபோது, பகைமையை முன்னிறுத்தவில்லை. விழிப்பற்ற நிலையில் செய்யும் செயலால் உயிருக்கு நேரும் கேட்டையே ஹிம்சை என்று கொண்டார். வள்ளுவரும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கடமையில் சோர்வும் மறதியும் கூடா என்று காட்டப் பொச்சாவாமை என்னும் வேறோர் அதிகாரத்தையும் வகுத்தார். நல்லெண்ணத்தோடு விழிப்பும் சேர்ந்தாலன்றி அஹிம்சை நிறைவு பெறாது என்பது என் துணிபு. அதற்கு, வீட்டு வாசலில் நிற்கும் பழைய அம்பாஸடர் காரின் பிரேக்கைக் காட்டிலும் தெளிவான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறைவின்றி எங்கும் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு தேசத்து மேதை பாஸ்கல் கண்ட விதியே, ஓட்டுபவரின் கால் அழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டு சேர்க்கிறது. பழைய கார்கள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்த் தொடர்தான் உண்டாதலின், ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் கப் நைந்து பிரேக் ஆயில் ஒழுகிப் போனால், நான்கின் பலமும் ஒருங்கே போய்விடும். இக்கேடு பெரும்பாலும் முன்னறிவிப்போடுதான் வருகிறது: ஆயில் மட்டம் இறங்குகிறது, பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறது, டயரின் உட்புறத்தில் ஈரம் படர்கிறது. இவற்றைக் கண்டும், குறைந்த ஆயிலை நிரப்பிக்கொண்டு பள்ளிக்கூடத் தெரு வழியே ஓட்டிச் செல்பவனுடைய உள்ளத்தில் எந்தக் குழந்தையின்மீதும் துவேஷமில்லை. ஆயினும் ஹிம்சையின் வித்து அங்கே ஊன்றப்பட்டுவிட்டது.

பழுதைத் தானே நீக்கத் துணிந்தவனுக்கு இப்பொறுப்பு இரட்டிப்பாகிறது. சமதரையில் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் வண்டியை ஸ்டாண்டில் தாங்கவைத்து, டிரம்மைக் கழற்றி, சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கினால், கசிவு இருக்குமிடம் தெரிந்துவிடும். உட்சுவரில் துருக்குழி விழுந்திருப்பின் புதிய கப் போட்டுப் பயனில்லை, சிலிண்டரையே மாற்றவேண்டும். ஆயில் ஊறிய பிரேக் ஷூவைத் துடைத்துத் திரும்ப மாட்டலாகாது. அந்த அச்சின் இருபுறமும் புதியது போடவேண்டும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ரப்பரை உப்பச் செய்து கெடுக்குமாதலால், உள்ளுறுப்புகளைப் புதிய பிரேக் ஆயிலாலேயே கழுவவேண்டும். பின்னர், வீட்டார் ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சிலிண்டரின் நிப்பிளைத் திறந்து, பெடலை அழுத்துபவர் காலைத் தளர்த்துமுன் மூடி, குமிழி அறவே நிற்கும்வரை காற்றெடுக்கவேண்டும். வெளிவந்த ஆயிலை மீண்டும் ஊற்றும் சிக்கனம் பாபமே. டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாயிருக்கையில் 205 டிகிரி செல்ஷியஸுக்குக் குறையலாகாதென்பது நியதி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியபின் அது 140 டிகிரி அளவுக்கும் இறங்கக்கூடும். அத்தகைய ஆயில் மலைப்பாதையின் நெடிய இறக்கத்தில் சூடேறி ஆவியானால், அழுத்தும் பெடல் பிடிப்பின்றி அமுங்கும்.

இத்தனை சிரமத்தின் பலன் யாது? ஒன்றும் நேராமையே. பிற்கால வைசேஷிக தத்துவவாதிகள், இல்லாமையாகிய அபாவத்தையும் ஏழாவது பதார்த்தமாக ஒப்புக்கொண்டனர். நேராத விபத்தும் அவ்வாறே, கண்ணுக்குப் புலப்படாவிடினும், சூனியமென்று தள்ளத்தக்கதன்று. தப்பிய உயிர் தான் தப்பியதை அறியாது; காத்தவனும் தான் காத்ததை அறியமாட்டான்; புகழுக்கோ நன்றிக்கோ அங்கே இடமேயில்லை. கீதை போதிக்கும் பலன் கருதாத கர்மத்தை இல்லறத்தான் இத்துணைத் தூய்மையாகப் பயிலும் சந்தர்ப்பம் அரிது.

ஆதலின், வேலை முடிந்ததும் பெடலை அழுத்திப் பிடித்துக் கசிவு பார்ப்பதையும், ஆளில்லா வெளியில் மெல்ல ஓட்டிச் சோதிப்பதையும், ஐயம் சிறிது எஞ்சினாலும் கைத்திறனில் அபிமானம் பாராட்டாமல் தேர்ந்த மெக்கானிக்கிடம் வண்டியை ஒப்படைப்பதையும் தர்மத்தின் அங்கங்களாகவே கொள்ளவேண்டும். அஹிம்சையை விரதமாக ஏற்றவர் தம் சினத்தை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்கிறாரோ, அவ்வளவு நுணுக்கமாகத் தம் வாகனத்தின் பிரேக்கையும் ஆராயக் கடமைப்பட்டவர்.